அம்மா கொழுந்து பறித்தார், சரி. நீ என்ன செய்தாய்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசிலில் இரண்டு வருட முதுமாணிப் படிப்பை முடித்து ஹட்டனுக்குத் திரும்பியதிலிருந்து, கோயில், கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் யாராவது பிடித்துக்கொண்டு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பற்றிக் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளில் சில இவை.

அக்கா, நான் கம்பஸில் இறுதி வருடம். வேலை அனுபவம் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா? (பொகவந்தலாவை)

எதற்கு விண்ணப்பிக்கிறாய் என்பதைப் பொறுத்தது தங்கச்சி. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம் வேண்டும். சம்பளமில்லாத தொண்டு வேலையும் அதில் சேரும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்கவும் வேண்டும். எராஸ்மஸ் முண்டுஸில் பல படிப்புகளுக்கு அனுபவம் கட்டாயமில்லை, இறுதி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் திறக்கும். புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ தருவார்கள்.

ஆனால் அந்தப் பணம் அங்கே போன பிறகுதான் கைக்கு வரும். விசா, டிக்கெட், முதல் மாத வாடகை எல்லாம் அதற்கு முன்பே வேண்டும். நாங்கள் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோம். மூன்றாம் மாதம் மீட்டோம்.

விண்ணப்பக் கடிதத்தில் நம் தோட்டக் கஷ்டத்தை எவ்வளவு எழுதலாம்? (மஸ்கெலியா)

எல்லோரும் கேட்கும் கேள்வி, எல்லோரும் தவறும் இடமும் இதுதான். என் முதல் பிரதி "என் தாய் ஒரு கொழுந்து பறிக்கும் தொழிலாளி" என்று தொடங்கியது. லயத்து அறை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), ஒழுகும் தகரம், மண்ணெண்ணெய் விளக்கு என்று ஒன்றரைப் பக்கம். பேராதனையில் எனக்குப் படிப்பித்த ஒருவர் வாசித்துவிட்டுப் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டார். "அம்மா கொழுந்து பறித்தார், சரி. நீ என்ன செய்தாய்?" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் யோசித்தேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்ததிலிருந்து எங்கள் லயத்தில் பெருமழை பெய்தால் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. கம்பஸ் விடுமுறையில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு வேலை செய்திருந்தேன். சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டினோம். தினமும் காலை பெரட்டு (தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்) நேரத்தில் மழை அளவை ஒரு கொப்பியில் குறித்தோம். எட்டு மாதம். இடையில் இரண்டு போத்தலை மாடு மிதித்துவிட்டது. இதைப் பெரிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை. கடிதத்தின் முதல் பந்தியில் அந்தக் கொப்பிதான் போனது. அம்மா ஒரே வரியில் வந்தார். நேர்முகத்தில் அவர்கள் கேட்டதும் மாட்டைப் பற்றித்தான்!

கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் தேர்வுக்குழு பார்க்கிறது. சனிக்கிழமை வகுப்பு நடத்தினீர்களா? எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், யார் சித்தியடைந்தார்கள்? அதை எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் வேறு மாதிரி. பிரச்சினையாகுமா? (தலவாக்கலை)

ஆகும். எனக்கும் ஆனது. அப்பா பெயர் பெருமாள். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு 'ஏ' போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் இரண்டு. அந்த ஒற்றை எழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு தாள் கேட்டார்கள். நம் ஆட்களின் பதிவுகளில் இது சர்வசாதாரணம்.

புலமைப்பரிசில் திறக்கும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். அது முடிய மாதக்கணக்கு ஆகலாம். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பாஸ்போர்ட்டை (கண்டியிலேயே எடுக்கலாம்) எல்லாம் சரியான பிறகு எடுப்பது நல்லது. அதில் உள்ள எழுத்துப்படியே விண்ணப்பத்தையும் நிரப்புங்கள்.

ஜேர்மனியில் படிப்பு இலவசமாமே அண்ணன்மார் சொல்கிறார்கள். ஏஜென்சிக்காரர் பதிவுக்குப் பணம் கேட்கிறார். (ராகலை)

பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் பாடன்-வூட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. புலமைப்பரிசில் இல்லாமல் போனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அண்ணன்மார் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஏஜென்சிக்கு ஒரு சதமும் கொடுக்காதே தம்பி. செவனிங், எராஸ்மஸ் இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

தமிழ் மொழிமூலம் படித்த எனக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எட்டுமா? (ஹப்புத்தளை)

பல இடங்களில் 6.5 போதும். நமக்கு வாசிப்பைவிட எழுத்துதான் இடிக்கும். 40 நிமிடத்தில் 250 சொல் எழுத வேண்டும். கடிகாரம் வைத்து வாரம் மூன்று எழுதி, யாரிடமாவது கொடுத்துத் திருத்துங்கள். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

எங்கள் டிவிஷனில் சிக்னலே இல்லை. ஒன்லைன் நேர்முகம் வந்தால்? (நோர்வூட்)

எங்கள் லயத்திலும் இல்லை. ஹட்டனில் மாமாவின் கடையில், ஷட்டரை இறக்கிவிட்டு அரிசி மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசினேன். முதல் நாளே அதே இடத்தில், அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். கரண்ட் போகலாம் என்பதால் டேட்டா போட்ட இன்னொரு ஃபோனும் பக்கத்தில் இருக்கட்டும். நேரத்தையும் கவனியுங்கள். பாரிஸிலோ பெர்லினிலோ காலை 10 என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பகல் 2.30. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 1.30. எனக்கு ஏப்ரலில் நடந்தது. மாமா 2.30 என்று நினைத்து, 1.45க்கு ஷட்டரைத் தட்டி "சாப்பிட்டுவிட்டு உட்காரம்மா" என்றார். அதுவும் அவர்களுக்குக் கேட்டது.