ஆடு வளர்க்கத் தெரியாதவர் அங்கே என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

டெக்சஸில், டாலஸுக்குக் கிழக்கே காஃப்மன் கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பத்து வயது மகள், தோழியைப் பார்த்து, பிள்ளைகள் ஆடு கோழி வளர்ப்பது முதல் சமையல் வரை செய்து கற்கும் ஃபோர்-எச் (4-H) கிளப்பில் சேர்ந்து ஆடு வளர்க்க வேண்டும் என்கிறாள். கூட்டத்துக்குப் போனால் என்னையே தன்னார்வலராக வரச் சொல்கிறார்கள். நான் மென்பொருள்காரன், விவசாயம் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ரோபாட்டிக்ஸ் கிளப் தொடங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

சேர்ந்துவிடுங்கள். 1902-இல் ஒஹையோவின் கிளார்க் கவுன்ட்டியில் ஃபோர்-எச்சுக்கு வித்திட்ட ஏ.பி. கிரஹாமே விவசாயி அல்ல, பள்ளிக் கண்காணிப்பாளர். பல்கலைக்கழகங்கள் சொன்ன புது விதைகளைப் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள், அப்பாக்கள் வேலியோரம் நின்று கவனித்தார்கள். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்ததும், பல்கலைக்கழக ஆராய்ச்சியை ஊர்மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்க அலுவலகங்கள் கவுன்ட்டிதோறும் வேரூன்றின. ஃபோர்-எச் அவற்றின் கீழ்தான் வருகிறது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், கிளப்புகளை நடத்துவது தன்னார்வலர்கள்.

உங்கள் கவுன்ட்டியின் மக்கள்தொகை 2010-இல் ஒரு லட்சத்துச் சொச்சம், 2020-இல் 1,45,000-க்கு மேல். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஆனால் புதிதாக வந்த பெற்றோரில் பலர் டாலஸில் வேலை முடித்து நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்கிறவர்கள். அதனால் ஒரு மாலை ஒழிந்து வந்து உட்காரும் பெரியவர்தான் கிடைப்பதில்லை.

உங்களுக்கு ஏற்ற வேலை பதிவேடு. தீவனம் என்ன விலை, ஆட்டின் எடை எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு போனது, கடைசியில் லாபமா நஷ்டமா என்று பிள்ளை தன் கையால் எழுத வேண்டும். பாதிப் பிள்ளைகள் பதிவேட்டுப் போட்டிக்கு முதல்நாள் ராத்திரி உட்கார்ந்து ரசீதுகளைத் தேடும். பக்கத்தில் உட்கார்ந்து "இந்த மூட்டை எப்போ வாங்கினே?" என்று கேட்க ஒருவர் போதும். நீங்களே எக்செலில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், நம்மவர்களுக்குக் கை பரபரக்கும்!

ஒன்றை மகளிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். கால்நடைப் போட்டிக்கென வளர்க்கும் ஆடு பெரும்பாலும் ஏலத்தில் விற்கப்பட்டுக் கறிக்குத்தான் போகும். ஏலத்தன்று ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பும் பிள்ளைகள் உண்டு. தாங்கமாட்டாள் என்றால் முட்டைக்கோழி இருக்கிறது, சமையல், தையல், புகைப்படம் என்று வேறு பிரிவுகளும் இருக்கின்றன.

ரோபாட்டிக்ஸும் ஃபோர்-எச்சிலேயே உண்டு. அடுத்த வருடம் அதைத் தொடங்குங்கள், எல்லாப் பிள்ளைகளுக்குமாக. நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வயல்களெல்லாம் மனைகளானதில் பழைய குடும்பங்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கும். வந்ததும் வராததுமாகத் தனிப்பந்தி எதற்கு? கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேரும் என்று வருகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

டெக்சஸில் ஃபோர்-எச் ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்த்த பிறகே சேர்ப்பார்கள், அதனால் இப்போதே பதிவு செய்யுங்கள். அப்புறம், ஆட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். கொல்லையில் ஆடு கட்டக்கூடாது என்று இருந்தால், கொட்டிலில் இடம் தர யாராவது உண்டா என்று கிளப்பிலேயே கேளுங்கள்.