கொள்முதல் நிலையத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன், உதவித்தொகை என்ன ஆகும்?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "பி.எஸ்சி. படித்திருக்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் ஓராண்டாக மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வருகிறது. இந்த சம்பா அறுவடையில் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இரண்டு மாதம் இருந்தேன். இதைச் சொல்லணுமா? சொன்னால் பதிவு மூப்பே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். அந்தக் கூலியும் கணக்கில் வருமா?"

சொல்லிவிடுங்கள் தம்பி, இந்த வாரமே.

தமிழக அரசின் இந்த வேலையற்ற இளைஞர் உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு நிபந்தனைகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மனுதாரர் முற்றிலும் வேலையில்லாதவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அரசு வேலை, தனியார் வேலை, சுயதொழில் எதிலும் இருக்கக் கூடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. "நான் வாங்கினது இருபதாயிரம்கூட இல்லையே, 72,000-க்குள்தானே இருக்கு" என்று என்னிடமே வந்து வாதாடியவர்கள் உண்டு. அந்த 72,000 வீட்டுக்கான அளவு. உங்கள் சொந்தச் சம்பளத்துக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. இரண்டு மாதம் என்றாலும் பருவகால வேலை என்றாலும், அந்த நாட்களில் நீங்கள் வேலையில் இருந்தவர்தான்.

உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை 1,800 ரூபாய் வரவு. அதற்கு நாலு வரி தள்ளி, அதே பக்கத்தில், கொள்முதல் நிலையச் சம்பளம். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கப் போகும்போது இந்தப் பக்கமும் கூடவே வரும். வேலையில் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பொய்யாக்கும் வரியை நாமே கொண்டுபோய் நீட்டுவதா? ஒரு வெள்ளைத்தாளில் பதிவு எண், வேலையில் சேர்ந்த தேதி, முடிந்த தேதி, பெற்ற சம்பளம் ஆகியவற்றை எழுதி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுங்கள். அந்தக் காலத்துக்கு வந்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, இனி தொடருமா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூப்பு போய்விடும் என்ற பயம் வேண்டாம். உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாவதில்லை. பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால்தான் ஆபத்து. நடவு மும்முரத்தில் அந்த மாதத்தைக் கோட்டைவிட்டுவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது. வீட்டுக் காலண்டரில் இன்றே குறித்துவையுங்கள்.

அம்மாவின் கூலி குடும்ப வருமானத்தில் சேரும். நடவு, களை, நூறு நாள் வேலை எல்லாமே. டெல்டாவில் கூலி மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. நாற்றுப் பறிக்கிற நாட்களில் கை நிறைய இருக்கும், கோடையில் ஒன்றும் இருக்காது. நடவு மாதத்துக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லி, தகுதி இருந்தும் இழந்த குடும்பங்கள் உண்டு. ஆண்டு முழுவதும் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அம்மாவையே உட்காரவைத்துக் கணக்கெடுங்கள். நூறு நாள் வேலைக்கு அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பதிவு இருக்கும். அப்பா குத்தகைக்கு மூன்று மா (சுமார் ஓர் ஏக்கர்) நிலத்தில் பயிர் செய்கிறார் என்றால், நெல் விற்ற தொகையோடு விதை, உரம், அறுவடை மெஷின் வாடகை, குத்தகை எல்லாவற்றையும் எழுதி விஏஓவிடம் காட்டுங்கள். குறைத்தும் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் யாராவது புதிதாக விண்ணப்பிப்பதாக இருந்தால்: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று ஆண்டுகள் வரை. அந்தந்தத் தகுதியைப் பதிந்து ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை என்றைக்கோ பதிந்துவிட்டு டிகிரியை இரண்டு வருஷம் முன்னால் பதிந்தவர் பட்டதாரித் தொகை கேட்க முடியாது. வயது 40-க்குள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. தினமும் கல்லூரி போகிறவருக்குக் கிடையாது, அஞ்சல் வழியில் படிப்பவர் வாங்கலாம். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு: பதிந்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, தொகை 600 முதல் 1,000 வரை, பத்தாண்டுகள் கிடைக்கும். இதைத் தெரியாமல் எத்தனையோ வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை போய் ஊர் திரும்பியவர்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தவர்களுக்கு, வேலை போனால் உதவும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற 2018-இல் வந்த திட்டம் தனி. சராசரி தினக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை இழந்தவருக்குப் பொருந்தாது. திட்டம் இப்போது நீட்டிப்பில் இருக்கிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, வேலை போன தேதி உள்ள கடிதத்தோடு போகச் சொல்லுங்கள்.