மக்கும் பை முதல் பாக்கு மட்டைத் தட்டு வரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பேரங்காடியில் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்ததிலிருந்து குப்பை கட்டப் பை சேர்வதில்லை. ‘மக்கும் பை’ என்று ஒரு சுருள் வாங்கினேன். சாதாரணப் பையைவிட மூன்று மடங்கு விலை. கொடுத்த காசுக்குப் பலன் உண்டா? (ஈசூன் வாசகி)

பதில்: சிங்கப்பூரில் இல்லை. நம் குப்பைக் குழாயில் விழுவது எரியாலைக்குப் போகிறது, அங்கிருந்து சாம்பல் குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. மக்கும் பை மக்குவதற்கு ஈரம், சூடு, நுண்ணுயிர், பல வாரக் காலம் எல்லாம் வேண்டும். உலையில் அதற்கெல்லாம் நேரம் ஏது? சோள மாவில் செய்த பையும் சாதாரண பிளாஸ்டிக் பையும் ஒன்றாகவே எரிந்து முடிகின்றன. மக்கும் பையை நீல மறுபயனீட்டுத் தொட்டியிலும் போடாதீர்கள். மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும்.

அதற்காகப் பையே இல்லாமல் குழாயில் கொட்டிவிடவும் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் கரப்பான் பெருகுவதும் நாற்றம் கிளம்புவதும் கட்டாமல் கொட்டும் ஈரக் குப்பையால்தான். பை அவசியம்தான், ஆனால் அது புதிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. ரொட்டிப் பை, கழிவறைத் தாள் சுற்றி வரும் உறை, 5 கிலோ அரிசிப் பை எல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அரிசிப் பையில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். காற்றுப் போக அதில் பெரும்பாலும் ஊசித் துளைகள் இருக்கும். மீன் கழுவிய கழிவைப் போட்டால் குழாய்க்கு எடுத்துப்போகும் வழியெல்லாம் சொட்டும். அதில் காய்ந்த குப்பையைப் போடுங்கள், ஈரக் குப்பைக்கு ரொட்டிப் பை.

ஈரத்தைக் குறைத்தால் பையின் எண்ணிக்கையும் தானாகக் குறையும். காய்த்தோலை வடிகூடையில் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். தேயிலைச் சக்கையைப் பிழிந்துவிடுங்கள். மீன் செதிலையும் கோழித் தோலையும் ஒரு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்து, குப்பை கட்டும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். நாள்தோறும் பை கட்ட வைப்பது குப்பையின் அளவைவிட நாற்றம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் பை போதாவிட்டால் அந்த 5 காசுப் பையையே வாங்குங்கள். 2023 ஜூலை 3 முதல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டும் பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. வாரத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 7 வெள்ளி 80 காசு. பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த பை அப்படியே குப்பைக்கும் ஆகிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் துணிப்பை? வீட்டில் பதினான்கு சேர்ந்துவிட்டன. (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: பதினைந்தாவதை வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தவேண்டும் என்று கண்டார்கள். துணிபோல் தோன்றும், பிளாஸ்டிக் இழையால் ஆன நெய்யாத பாலிபுரோப்பிலீன் பைக்கு 11 முறை போதும். இது புவி வெப்பமாதலை மட்டும் பார்த்த கணக்கு. பருத்தி விளைவிக்க ஆகும் உரமும் நெய்ய ஆகும் எரிபொருளும்தான் அந்த 131-க்குக் காரணம். வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் இரண்டரை ஆண்டில் கணக்கு நேராகும். பதினான்கையும் மாற்றி மாற்றி எடுத்துப்போனால் முப்பத்தைந்து ஆண்டு ஆகும். உறுதியான இரண்டை வாசற்கதவின் பிடியில் மாட்டுங்கள், மற்றதைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: மகளின் வளைகாப்பு வீட்டிலேயே, நாற்பது பேர் வருவார்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டோம். பாக்கு மட்டைத் தட்டு வாங்கலாமா, எவர்சில்வர் வாங்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: பாக்கு மட்டை வேண்டாம். ஊரில் பல காலமாக இருப்பது, பார்க்கவும் அழகு, மனதுக்கும் இதம். ஆனால் பாக்கு மரத்தில் இயற்கையாக இருக்கும் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (உடலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள்) மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. சூடான சாம்பாரும் ரசமும் புளிப்பும் ஊற்றிச் சாப்பிடுவது நம் வழக்கம். வளைகாப்புக்குக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வருவார்கள். தவிர்க்க வழி இருக்கும்போது தவிர்ப்பதே சரி.

இலையில் பரிமாற மேசை இருந்தால் வாழை இலையைவிட நல்லது இல்லை. முதல் நாள் தேக்கா சந்தையில் வாங்கி, ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்கலாம். உறைபெட்டியில் வைத்தால் கறுத்துத் துவண்டுவிடும். வரவேற்பறையில் கையில் ஏந்திச் சாப்பிடுவதானால் தட்டுதான்.

நாற்பது பேர் ஒரே பந்தியில் உட்காரும் வீவக வீடு அபூர்வம். இருபத்தைந்து தட்டு இருந்தால் கழுவிக் கழுவிச் சமாளிக்கலாம். சொந்தக்காரர் இரண்டு பேரிடம் இருப்பதைச் சேர்த்தாலே அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வந்துவிடும், அதனால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். வாங்குவதானால் சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வரின் தரத்தைக் குறிக்கும் 304 அல்லது 18/8 என்று அச்சிட்டதைக் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். தட்டின் நடுப்பகுதியில் காந்தம் நன்றாக ஒட்டினால் அது 304 இல்லை. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக 304 என்று முடிவுகட்ட முடியாது, நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202-உம் ஒட்டாது. உப்பும் புளியும் பட்டு நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிப்பது பெரும்பாலும் இந்த 202-தான். அச்சு இல்லாத தட்டில் கடைக்காரர் சொல்லும் சொல்லை ரசீதில் ‘304’ என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை பாருங்கள்.

கனத்தையும் பாருங்கள். 26 செ.மீ. தட்டு 250 கிராம் அளவில் இருந்தால் தகடு ஏறக்குறைய 0.6 மி.மீ. இருக்கும். 170 கிராம் என்றால் 0.4 மி.மீ.தான். ஒரு கையில் பிடித்து விளிம்பை அழுத்தினால் ‘டக்’ என்று உள்வாங்கும். சாதம் குழம்போடு ஒரு கையில் ஏந்த அது ஆகாது. வாங்கியதும் பெயர் வெட்டிக்கொள்ளுங்கள். இரவல் போகும் பாத்திரம் வீடு திரும்புவது அந்த எழுத்தால்தான்.

கழுவும் தண்ணீரை நினைத்துத் தயங்கவேண்டாம். மூன்று வாளி வையுங்கள்: முதலாவதில் எச்சிலைத் தட்டி அலசுவது, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றினாலும் 100 லிட்டருக்குள் முடியும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கன மீட்டர் தண்ணீர், பொருள் சேவை வரிக்கு முன், 3.24 வெள்ளி. உங்கள் 100 லிட்டருக்கு ஆவது 32 காசு.

கேள்வி: சமையலறைத் தாள் வாரம் ஒரு சுருள் போகிறது. பாதி வடை எண்ணெய் வடிக்கவே. (செங்காங் வாசகி)

பதில்: வடைக்குத் தாளே வேண்டாம். தாளில் வைத்தால் அடிப்பக்கத்து ஆவி வெளியேற முடியாமல் வடைக்குள்ளேயே திரும்புகிறது. மேலே மொறுமொறுப்பு, கீழே சொதசொதப்பு. ஒரு தட்டின்மேல் கம்பி வலை வைத்து அதில் அடுக்குங்கள், ஒன்றின்மேல் ஒன்று வேண்டாம். வடிந்த எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

மேசை துடைக்கப் பழைய பருத்தி வேட்டியை 30 செ.மீ. சதுரமாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு துவைத்த நூல் போல் தண்ணீர் குடிப்பது வேறில்லை. புதுத் துண்டுகள் முதலில் தண்ணீரைத் தள்ளும், இரண்டு மூன்று முறை துவைத்தால் சரியாகும். துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். அது நூலின்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். புளித்த வாடை வந்தால் சலவைச் சோடா ஒரு மேசைக்கரண்டி போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் ஊறிய துணியைச் சூட்டு உலர்த்தியில் போடக்கூடாது. தங்கிய எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: அலமாரிக்கு ஈரம் உறிஞ்சும் டப்பா மாதம் நான்கு தூக்கிப்போடுகிறோம். அதற்குப் பதில் மின்சாரத்தில் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் பெட்டி ஒன்றை உள்ளூர் இணையக் கடையில் வாங்கினேன். நான்கே மாதத்தில் வேலை செய்யவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டோம்’ என்கிறார்கள். (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ என்னும் விதிப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

கடிதம் எழுதுமுன் ஒரு சோதனை. ஈரம் நிறைந்து உள்ளிருக்கும் மணிகள் நிறம் மாறிய பெட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். அலமாரிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் 12 மணி நேரம் மின்சாரத்தில் வைத்து மறுபடி நிறுத்துங்கள். எடை குறைந்தால் சூடாக்கி வேலை செய்கிறது. பலர் அலமாரிக்குள்ளேயே வைத்துச் செருகுகிறார்கள், விட்ட ஈரம் துணிக்கே திரும்புகிறது. எடை குறையவே இல்லை என்றால் பழுதுதான். இரண்டு எடையையும் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள்.

ஆனால் மாற்றித் தந்தாலும் அதைத் துணி அலமாரியில் வைக்காதீர்கள். அதனுள் இருக்கும் மணிகள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். 500 கிராம் ஜெல் 150 கிராம் தண்ணீருக்குச் சற்று மேல் பிடித்தவுடன் நின்றுவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும், திறந்து மூடும் அலமாரியில் சில நாளில் நிறைந்துவிடும். இறுக மூடும் டப்பாவில் பத்திரம், கேமரா, நகைப்பெட்டி ஆகியவற்றுக்குத்தான் அது பொருத்தம்.

தூக்கிப்போடும் டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு, பலமடங்கு உறிஞ்சும். டப்பாவை வைத்துக்கொண்டு உருண்டைகளை மட்டும் நிரப்புப் பொதியில் வாங்குங்கள். மேல்தட்டில் முக்கால் அளவே நிரப்புங்கள், முழுக்க நிரப்பினால் ஒரே கட்டியாக இறுகி ஈரம் கீழே வடியாது. சேர்ந்த நீர் வெறும் தண்ணீர் அல்ல, கெட்டியான உப்புக் கரைசல். தோல் காலணியில் பட்டால் தோல் சுருங்கும், இரும்பில் பட்டால் துரு. டப்பாவைத் தட்டோடு தூக்கி, கழிவறையில் ஊற்றி, இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவியபின் நிரப்புங்கள்.

கேள்வி: பீர்க்கங்காய் நாரை வீட்டிலேயே செய்யலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: சந்தைக் காயில் முடியாது, அது பிஞ்சு. கொடியிலேயே முற்றிக் காய்ந்ததில்தான் நார் இறுகும். காய்ந்த நாரை வாங்கி 10 செ.மீ. துண்டாக வெட்டி, நீளவாக்கில் கீறி நடுத்தண்டை எடுத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள், விரிந்து தட்டையாகும். ஒட்டாத பூச்சுச் சட்டிக்கு இது சரி, தேங்காய் நார் கீறிவிடும். தொட்டியில் கிடக்கவிடாமல் கொக்கியில் மாட்டுங்கள். வழுவழுப்பு வந்தால் ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள், மறுபடியும் வந்தால் மாற்றிவிடுங்கள்.