பூட்டிய வீட்டில் கொள்ளை நடக்குமா?

கேள்வி: தெஃப்ட், ராபரி, பர்க்லரி, டெகாய்ட்டி என்று ஆங்கிலப் பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. எல்லாம் ஒரே திருட்டுதானே? ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும் என்று மாற்றிப் போடுகிறார்களா? இதற்கெல்லாம் வித்தியாசம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டுவது வெட்டி வேலை இல்லையா? (ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: வெட்டி வேலையா இல்லையா என்பதை மாட்டிக்கொண்டவனிடம் கேளுங்கள். சாதாரண தெஃப்ட் என்றால் அவனுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ராபரி என்றால் 10 ஆண்டு வரை. அதே ராபரியை நெடுஞ்சாலையில், பொழுது சாய்ந்து மறுநாள் விடிவதற்குள் செய்தால் 14 ஆண்டு வரை. டெகாய்ட்டி என்றால் ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். சலிப்புத் தட்டாமல் இருக்கவா இப்படி ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள்?

அடித்தளம் தெஃப்ட்தான். அடுத்தவர் வசம் இருக்கும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், அபகரிக்கும் எண்ணத்தோடு இருந்த இடத்திலிருந்து நகர்த்துவது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை, நகர்த்தினாலே போதும். 1862 முதல் 2024 ஜூன் வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் இதற்கு ஓர் அழகான உதாரணம் வைத்திருந்தது. சட்டைப் பையில் தீனி வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான் ஒருவன். நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்ததுமே திருட்டு முடிந்தது. ஆனால் யார் வசமும் இல்லாமல் ரோட்டில் கிடக்கும் மோதிரத்தை எடுத்துக்கொண்டால் அது தெஃப்ட் இல்லை என்கிறது அதே பிரிவு. உடனே குனியாதீர்கள், அது கையாடல் என்ற வேறு குற்றமாகலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது.

ராபரிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அடித்தோ, தடுத்து நிறுத்தியோ, 'இப்போதே குத்திவிடுவேன்' என்று பயமுறுத்தியோ எடுத்தால்தான் ராபரி. பொருளோடு ஓடும்போது, பிடிக்க வந்தவரைத் தாக்கினாலும் ராபரிதான். பொருளைக் கீழே போட்டுவிட்டு, தப்பித்தால் போதும் என்று கல்லெறிந்துகொண்டே ஓடினால் அது ராபரி ஆகாது என்று தீர்ப்புகள் உண்டு. கல் அதே கல்தான், எதற்காக எறிந்தான் என்பதுதான் கணக்கு. சங்கிலி பறிப்பு தெஃப்ட்டுக்கும் ராபரிக்கும் நடுவே ரொம்ப நாள் ஊசலாடிக்கொண்டிருந்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதற்கு ஸ்நாட்சிங் என்று தனிப் பிரிவே (304) கொடுத்துவிட்டது.

இலக்கணத்திலும் இதே வித்தியாசம்தான். ஆங்கிலத்தில் ஸ்டீல் செய்யப்படுவது பொருள். ராப் செய்யப்படுவது மனிதர், இல்லையென்றால் பேங்க் மாதிரி ஓர் இடம். 'மை போன் வாஸ் ராப்டு' என்று நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். போனைக் கத்தி காட்டி மிரட்ட முடியாது. 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்றால் இன்னும் மோசம், உங்களையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

இதில் தமிழ்ப் பத்திரிகைகள் ஆங்கிலப் பத்திரிகைகளைவிட மோசம் என்பது என் கட்சி. 'பூட்டிய வீட்டில் நகைகள் கொள்ளை' என்று தலைப்புப் போடாத நாள் உண்டா? வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருப்பதியில் இருக்கிறார். இங்கே மிரட்டப்பட்டது யார், பீரோவா? சட்டத் தமிழில் ராபரிதான் கொள்ளை. ஆளில்லாத வீட்டில் நடந்தது திருட்டு. 'திருட்டு' என்று போட்டால் தலைப்பு எடுபடாது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

சரி, அந்தப் பூட்டிய வீட்டுச் சமாசாரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? அதுதான் பர்க்லரி. நம் ஊரில் கன்னக்கோலால் சுவரில் துளை போட்டு உள்ளே போனதைக் கன்னம் வைப்பது என்றார்களே, ஏறக்குறைய அது. பழைய ஆங்கிலேயச் சட்டப்படி அது ராத்திரியில், குடியிருக்கும் வீட்டை உடைத்து நுழைவதாக இருக்க வேண்டும். பகலில் உடைத்தால் வேறு பெயர். 1968-இல் கொண்டுவந்த தெஃப்ட் ஆக்ட் மூலம் இங்கிலாந்து அந்த ராத்திரி நிபந்தனையை எடுத்துவிட்டது, உடைப்பதைக்கூடக் கட்டாயமாக வைக்கவில்லை. நமது பழைய தண்டனைச் சட்டத்திலோ பர்க்லரி என்ற பெயரில் குற்றமே கிடையாது. ஹவுஸ் பிரேக்கிங் என்றுதான் எழுதியிருந்தார்கள். அதற்காக எதையாவது உடைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, கதவைப் பதமாகத் திறந்து உள்ளே போனாலும் ஹவுஸ் பிரேக்கிங் என்று உதாரணமே கொடுத்திருந்தது சட்டம்.

இங்கேதான் காசு விஷயம் வருகிறது. கடை, கோடவுன் வைத்திருப்பவர்கள் பர்க்லரி பாலிசி எடுப்பார்கள். அதில் பலவந்தமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டுக்குத்தான் இழப்பீடு என்று ஒரு வரி இருக்கும். போலீஸ் எஃப்.ஐ.ஆரில் வீடு புகுந்து திருடியதாகப் பிரிவு போட்டிருக்கிறதே, பணத்தைக் கொடு என்று ஒருவர் வழக்கு நடத்த, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-இல் வந்த தீர்ப்பு: தண்டனைச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இங்கே பேச்சில்லை, பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், பலவந்தம் இல்லையென்றால் இழப்பீடு இல்லை. ஆக, சாவி போட்டுத் திறந்தவன் போலீசுக்கு ஹவுஸ் பிரேக்கர், அந்த மாதிரி பாலிசியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வெறும் திருடன். 'எல்லாம் ஒரே திருட்டுதானே' என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

டெகாய்ட்டி இங்கிலாந்துச் சரக்கு இல்லை. இந்தியில் டக்கைத்தி என்பதை ஆங்கிலேயர் இங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். தமிழில் கூட்டுக்கொள்ளை. ராபரிதான், ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்ய வேண்டும். நான்கு பேர் பேங்கையே காலி செய்தாலும் அது டெகாய்ட்டி ஆகாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு டீக்கடைக்காரரை அடித்து 200 ரூபாயைப் பிடுங்கினால் ஆகும். உள்ளே போகாமல், அங்கேயே வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து நிற்கும் உதவியாளும் கணக்கில் சேருவார்.

இந்தக் குற்றத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சாதாரணத் திருட்டுக்குத் திட்டம் போட்டுக் கூடி உட்கார்ந்தாலே குற்றம் என்று தனிப் பிரிவு இல்லை. டெகாய்ட்டிக்கு உண்டு. ஆயத்தம் செய்தால் 10 ஆண்டு வரை, அதற்காகக் கூடினாலே 7 ஆண்டு வரை. 'கொள்ளையடிக்கத் திட்டம்: பயங்கர ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த 4 பேர் கைது, ஒருவர் தப்பியோட்டம்' என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அடுத்த முறை அந்தத் தலைகளை எண்ணிப் பாருங்கள். தப்பியோடியவர் கணக்கில் வராவிட்டால் அந்தப் பிரிவைப் போட முடியாது.