பார் இல்லாமல் ஒரு பாட்டுக் கூடம்

கேள்வி: கோவையில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, உள்ளூர் பேண்டுகள் வாசிக்க ஒரு சின்னக் கூடம் தொடங்க நினைக்கிறோம். மது கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் வரலாம். எங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. இது நடக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நடக்கும். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் 924 கில்மன் தெருக் கூடம் 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது. இன்றும் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். மது, போதை, அடிதடி, இனவெறி எதற்கும் இடமில்லை என்று சுவரிலேயே எழுதிப்போட்ட இடம் அது. கிரீன் டே என்ற அமெரிக்க ராக் பேண்டு பெயர் வாங்கும் முன்பு வாசித்த மேடை. ஆரம்பித்தவர்கள் 1988-ல் விலகியபோது வேறொரு குழு எடுத்து நடத்தியது. உங்களிலும் ஒருவர் விலகினால் கூடம் நின்றுவிடக் கூடாது; சாவி, வங்கிக் கணக்கு, மிக்சர் (மைக், வாத்திய ஒலிகளைக் கலக்கும் பெட்டி) மூன்றும் குறைந்தது இரண்டு பேர் கைக்குப் பழகியிருக்கட்டும்.

பப்பில் பேண்டுக்குக் கொடுக்கும் பணம் பாட்டிலிலிருந்து வருகிறது. உங்களுக்கு டிக்கெட் ஒன்றுதான் வரவு. ஆகவே கட்டடம் பிடிக்காதீர்கள்; மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் சின்ன மண்டபத்தை வாடகைக்கு எடுங்கள். உதாரணத்துக்கு, மண்டபம் 5,000, சவுண்டு வாடகை 4,000, தண்ணீரும் துப்புரவும் 1,000 என்றால் 150 ரூபாய் டிக்கெட்டில் 67 பேர் வந்தால்தான் கை கடிக்காது. 80 பேர் வந்தாலும் மிச்சம் 2,000. மூன்று பேண்டுகளுக்கு அது ஆட்டோ காசு. சவுண்டு செட் சொந்தமாகிவிட்டால் 40 டிக்கெட்டில் செலவு அடைந்துவிடும், மீதி 40 பேரின் 6,000 ரூபாயை பேண்டுக்கு 2,000 என்று மூன்றுக்கும் கொடுக்கலாம். அதனால் முதலில் சேர்க்கும் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும், பேனருக்கு வேண்டாம்.

நூறு பேர் கொள்ளும் அறைக்கு இரண்டு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது), 8 சேனல் மிக்சர், நான்கு மைக் தாராளம். டிரம்ஸுக்கு மைக் வைக்காதீர்கள். சின்ன அறையில் டிரம்ஸ் தானே காதைப் பிளக்கும், அதற்கு மேல் குரலைத் தூக்கப்போய்தான் மைக் ஊளையிடும். ஸ்பீக்கர்கள் பாடுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கட்டும். பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர், மைக்கின் பின்பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்தவருக்குச் சுரீரென்று ஷாக் அடித்தால், ஆம்ப்ளிஃபயருக்கோ மிக்சருக்கோ எர்த் சரியில்லை என்று அர்த்தம். உடனே மெயினை அணையுங்கள். மேடைச் சாமான், மிக்சர் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரீஷியன் சோதித்த ஒரே ஃபேஸிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) வழியாக லைன் எடுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் போக எர்த் பின்னை உடைப்பவரை மேடைப் பக்கமே விடாதீர்கள். அந்த இரைச்சலுக்கு, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில், சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது.

மாலை 6 மணிக்குத் தொடங்கி 9-க்கு முடியுங்கள். ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10-க்கு மேல் வெளியே கேட்கும் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல்தான். சன்னலைச் சாத்தினாலும் பேஸ் சத்தம் சுவரைத் தாண்டும். ஒத்திகையின்போது பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். காவல் நிலைய அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சினிமாப் பாட்டு பாடுவதானால் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கம்) உரிமம் தேவைப்படும்.

கூடத்துக்குள் மது விற்காவிட்டாலும் வாசலில் தகராறு வரும். இடைவேளையில் வெளியே போய் ‘போட்டுக்கொண்டு’ திரும்புவார்கள். குளிர்பான பாட்டிலில் கலந்தும் கொண்டுவருவார்கள். வெளியே போனால் மறு அனுமதி இல்லை என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். திறந்த பாட்டில் உள்ளே வரக் கூடாது. தண்ணீர் நீங்களே இலவசமாக வையுங்கள். வாசலில் எப்போதும் இருவர், அதில் ஒருவர் பெண். பேண்டில் வாசிப்பவருக்கும் இதே விதிதான், இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

சத்தத்துக்குக் குழந்தைகள் காதில் பஞ்சு வேண்டாம், காதை மூடும் இயர்மஃப் பத்து வாங்கி வையுங்கள். தனியே வரும் சிறுவர்களிடம் பெற்றோர் கைபேசி எண் வாங்குங்கள். கடைசிப் பிள்ளையை ஆள் வந்து அழைத்துப் போகும்வரை தொண்டர் இருவர் சேர்ந்தே இருக்கட்டும். ஏழு பேர் போதாது. வாசல், சவுண்டு, மேடை, சுற்றிவருதல், துடைப்பம் என்று பார்த்தால் ஓர் இரவுக்குப் பத்துப் பேர் வேண்டும். இரண்டு ஷிப்டு வேலை செய்தவருக்கு அடுத்த மாத டிக்கெட் இலவசம் என்று சொல்லிப் பாருங்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள்.