தகரக் கூரைக்குக் கீழ பாட்டுப் பதிவு

தம்பி, கிளிநொச்சியில வீட்டு அறையிலேயே எட்டுப் பாட்டும் பதிஞ்சனான், குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது, புது மைக் வாங்கவோ எண்டு கேட்டிருந்தீங்கள். வாங்காதேங்கோ. பிழை மைக்கில இல்லை, அறையில.

நடு அறையில நிண்டு ஒருக்காக் கை தட்டிப் பாருங்கோ. பின்னால "டிங்ங்" எண்டு ஒரு இழுவை வந்தால் அதுதான் குரலைக் கெடுக்குது. பூசின சுவரும் சீமெந்து நிலமும் சத்தத்தைத் திருப்பி எறியும். முட்டை மட்டை ஒட்டுற வேலை வேண்டாம், அது பெரிசா ஒண்டும் உறிஞ்சாது. உங்கட முதுகுக்குப் பின்னால மெத்தையை நிமித்துங்கோ, மூலையில நெல்மூட்டையை அடுக்குங்கோ. (எலி வந்தால் நான் பொறுப்பில்லை.) மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் விடுங்கோ; மைக்கைக் கொஞ்சம் சரிச்சு வைச்சால் 'ப' வெடிக்காது. பதியிற மென்பொருளில 24 பிட் (சத்தத்தை நுணுக்கமாப் பதியிற அமைப்பு) எண்டு வைச்சுப் பதியுங்கோ; நீங்கள் ஆகச் சத்தமாப் பாடுற இடத்திலயும் அளவு காட்டுற கோடு -10 டெசிபலுக்குக் கீழ நிண்டால் காணும். மழை நாளில பதியவே வேண்டாம், தகரம் விடாது.

சனம் முதற்பாட்டோட கேக்கிறதை நிப்பாட்டீற்றினம் எண்டும் எழுதியிருந்தீங்கள்; அதுக்கு அறை காரணமில்லை. அந்தப் பாட்டில கிற்றார் வாசிச்சு முடிஞ்சு குரல் வரவே ஒண்டேகால் நிமிசம் எடுக்குது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். அந்தக் கிற்றாரை வெட்டிப்போட்டு, ஆரும் தெரிஞ்ச ஓட்டோவில போட்டுக் கேட்டுப் பாருங்கோ.