ஓய்வுக்குப் பிறகு வர்ணனையில் நிலைத்து நின்ற பேஸ்பால் அவுட்ஃபீல்டர் (எல்லைப் பக்கம் ஃபீல்டிங் செய்பவர்) யாராவது உண்டா?

ரால்ஃப் கைனர். 1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி தொடங்கியதிலிருந்து 2013 வரை மைக்கை விடவில்லை. களத்தில் ஆடியதோ பத்தே சீசன்.

அந்தப் பத்தும் லேசுப்பட்டதல்ல. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் லெஃப்ட் ஃபீல்டராக, 1946 முதல் 1952 வரை ஏழு வருடமும் நேஷனல் லீகில் (அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளில் ஒன்று) ஹோம் ரன்னில், அதாவது பந்தை எல்லை வேலிக்கு வெளியே அடிப்பதில், முதலிடம் (மூன்று முறை இன்னொருவரோடு சமம்). 1947-ல் 51, 1949-ல் 54.

"வேலியைக் கிட்டே கொண்டுவந்ததால்தான்" என்பார்கள். பாதி உண்மை. 1947-ல் வலதுகை ஹோம் ரன் வீரர் ஹேங்க் கிரீன்பெர்க்கை பைரேட்ஸ் வாங்கியதும், அவர் வசதிக்காகத் தங்கள் மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் இடப்பக்க எல்லையை 365 அடியிலிருந்து 335 அடியாகக் குறைத்தார்கள். வலதுகை பேட்டர் இழுத்து அடிக்கும் பந்து போய் விழுவது அங்கேதான். கிரீன்பெர்க் அந்த சீசனோடு ஓய்வு பெற்றுவிட, அறுவடை கைனருக்கு. ஆனால் 1946-ல், வேலி பழைய இடத்தில் இருந்தபோதே 23 அடித்து முதலிடம் பிடித்தவர் அவர். கிரீன்பெர்க்கால் கிடைத்த பெரிய லாபம், பிளேட்டை (பேட்டர் அருகே தரையில் பதித்த தட்டு) ஒட்டி நிற்கச் சொன்ன யோசனைதான். அப்படி நின்றால் வெளியே விலகி வரும் பந்தையும் இடப்பக்கம் இழுக்கலாம்.

ஓட்டமும் ஃபீல்டிங்கும் சுமார்தான். அணியோ படுமோசம்: 1952-ல் 112 தோல்வி. "நீ இருந்தும் கடைசி இடம், இல்லாவிட்டாலும் அதே இடம்தானே" என்ற ரீதியில் பேசிய ஜெனரல் மேனேஜர் பிராஞ்ச் ரிக்கி, 1953-ல் அவரை சிகாகோ கப்ஸுக்குத் தள்ளிவிட்டார். முதுகுவலியால் 1955-ல், 369 ஹோம் ரன்னோடு, கிளீவ்லாந்து அணியில் ஆட்டம் முடிந்தது. பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குக் குறைந்தது பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். அவருக்குச் சரியாகப் பத்து. 1975-ல், பேஸ்பால் செய்தியாளர்கள் வாக்கெடுப்பில் கடைசி வாய்ப்பில், தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கித் தேறினார்.

நேரே மைக்குக்கும் வந்துவிடவில்லை. சான் டியேகோவின் மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) அணிக்கு ஜெனரல் மேனேஜர், 1961-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் வானொலி வர்ணனை, பிறகுதான் மெட்ஸ். உடன் இருந்த லிண்ட்சே நெல்சனும் பாப் மர்ஃபியும் தொழில்முறை வர்ணனையாளர்கள். பேட்டரின் கண்ணோட்டம் கைனருடையது. அவருடைய சிறப்பு 'கைனர்ஸ் கார்னர்': ஆட்டம் முடிந்த கையோடு, அன்று கலக்கிய வீரரை உட்காரவைத்துப் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அந்தக் குறுக்கிய வேலிக்கு பிட்ஸ்பர்க்கில் வைத்த பட்டப்பெயரே இது. பெயர்களில்தான் சறுக்குவார்; கேட்சர் கேரி கார்டரை, நடிகர் கேரி கூப்பராகவே ஆக்கிவிட்டார்!